கரும்புக்காட்டைத் தாண்டினால் பிளாட்டிபஸ்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மக்காய் என்றொரு கடற்கரை நகரம். வாசலிலேயே கடல். ஆனால் நவம்பர் முதல் மே வரை அதில் இறங்க உள்ளூர்க்காரர்களே யோசிப்பார்கள். அது ஜெல்லிமீன் காலம். அதிலும் இருக்கஞ்சி என்கிற வகை விரல் நகம் அளவுதான். கொட்டினால் நேராக ஆஸ்பத்திரிதான். ஆற்று முகத்துவாரங்களில் உப்புநீர் முதலை வேறு. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப்போவது?

மேற்கே, மலைக்கு. சுமார் 80 கிலோமீட்டரில் யங்கெல்லா தேசியப் பூங்கா இருக்கிறது. 'எஸ்கி' என்று அவர்கள் சொல்லும் ஐஸ்பெட்டியில் ரொட்டி, சாசேஜ், தண்ணீர் பாட்டில்களை அடைத்து, தொப்பியும் துண்டும் பின்சீட்டில் போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். குவீன்ஸ்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. டிக்கெட் கவுன்ட்டரும் இல்லை, ஜீப் சஃபாரியும் இல்லை. உலகத்தின் விசித்திரமான விலங்குகளில் ஒன்றான பிளாட்டிபஸைக் காட்டில் நேருக்கு நேர் பார்க்க ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு, பெட்ரோலும் மதியச் சாப்பாடும்தான்.

பயோனீர் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் சாலையின் இருபுறமும் கரும்பு. ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர் வரை அரைவைக் காலம். அப்போது இரண்டடி அகலத் தண்டவாளத்தில், வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு குட்டி ரயில்கள் சாலையைக் குறுக்கே கடக்கும். ரயில் போகும்வரை வண்டிகள் நிற்கத்தான் வேண்டும். பின்சீட்டுக் குட்டிகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை வேண்டாம். பெட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் சண்டை வந்துவிடும். வழியில் மேரியன் என்ற ஊர். பின்னாளில் உலகமே கொண்டாடிய ஓபரா பாடகி நெல்லி மெல்பா, இந்த ஊர்ச் சர்க்கரை ஆலை மேலாளரின் மனைவியாக 1880-களில் இங்கேதான் குடியிருந்தார். கொட்டும் மழையில், தகரக் கூரைக்கு அடியில், பாட்டுக் கேட்க ஆள் கிடைக்காத ஊரில் அவருக்கு எவ்வளவு நாள் பொறுத்திருக்கும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடிவாரத்தில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் ஃபின்ச் ஹாட்டன் பள்ளத்தாக்கு. நேரே போனால் மலை ஏறி யங்கெல்லா. இளவட்டங்கள் வலப்பக்கம் திரும்புவார்கள். அங்கே கருங்கல் பாறைகளுக்கிடையே குளிர்ந்த ஓடை விழுந்து குளம் கட்டி நிற்கிறது. அரலூயன் அருவிக்குப் போய்வர 2.8 கிலோமீட்டர் நடை, இன்னும் மேலே 'வீல் ஆஃப் ஃபயர்' குளத்துக்கு 4.2. தண்ணீர் என்னமோ கண்ணாடி மாதிரிதான். ஆனால் பாறை மேலிருந்து குதித்துக் கழுத்தை உடைத்துக்கொள்கிறவர்கள் குவீன்ஸ்லாந்து ஓடைகளில் ஆண்டுதோறும் உண்டு. குதிக்காதே என்ற பலகைக்குப் பக்கத்திலேயே குதிக்கிறார்கள். போகும் வழியில் ஓடைகளை வண்டியோடு தாண்ட வேண்டும். மலையில் மழை பிடித்தால் அந்த வழியே அடைபட்டுவிடும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

என் ஓட்டு மலை மேல் இருக்கும் புரோக்கன் ரிவருக்குத்தான்.

செங்குத்தான, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை அது. மேலே போனதும் காற்று மாறிவிடும். மேகம் பல நாள் சாலையிலேயே படுத்திருக்கும். யங்கெல்லா ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் ஆறு. ஆறு என்று பெயர்தானே தவிர, நம் ஊர்க் கால்வாய் அகலம்கூட வராத இடங்கள் உண்டு. கரையில் மரத்தால் கட்டிய பார்வை மேடை. அங்கே போய் நின்று, வாயை மூடிக்கொண்டு, தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலைதான் நம்மால் ஆகாதது.

பிளாட்டிபஸ் வருவதற்கு முன் குமிழிகள் வரும். வரிசையாக நாலைந்து குமிழிகள் மேலெழும்பினால் அதன் அருகில் பார்வையை வைத்துக்கொள்ள வேண்டும். சட்டென்று ஒரு பழுப்பு முதுகு மிதக்கும். படத்தில் பார்த்துவிட்டுப் பெரிதாக எதிர்பார்த்து வருகிற குழந்தைகள் "இவ்வளவுதானா!" என்பார்கள். மூக்கிலிருந்து வால் வரை அரை மீட்டர் தேறுவதே அதிகம். பத்து நொடி மேலே கிடந்து எதையோ மெல்லும், வளைந்து முங்கும், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வேறொரு இடத்தில் எழும். அடுத்து எங்கே எழும் என்று பந்தயம் கட்டலாம். ஆனால் வாயைத் திறக்காமல் கட்ட வேண்டும். மேடையில் ஒரு பலகை 'தடால்' என்றால் அது போயே போச்சு.

தண்ணீருக்கடியில் அது கண், காது, மூக்குத் துளை மூன்றையும் மூடிக்கொள்கிறது. பிறகு எப்படி இரை தேடுகிறது? வாத்து அலகு போலிருக்கும் அந்த மூக்கில் சுமார் 40,000 மின்னுணர் புள்ளிகள் உள்ளன. இறாலோ புழுவோ தசையை அசைத்தால் எழும் மிக மெல்லிய மின்சாரத்தை அது அலகால் உணர்ந்து பிடிக்கிறது. பிடித்ததைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு மேலே வந்து அரைக்கிறது. வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் இல்லை. ஆணின் பின்னங்காலில் விஷமுள் இருக்கிறது. குத்தினால் மனிதன் சாவதில்லை, ஆனால் வலி நாள்கணக்கில் நிற்கும். கரையில் ஒன்று சோர்ந்து கிடந்தாலும் கையால் தூக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிப்போகிறார்கள்.

1798-இல் இதன் தோல் ஒன்று இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது, வாத்து அலகை எவனோ வேறொரு விலங்கின் தோலில் ஒட்டித் தைத்துவிட்டான் என்று சந்தேகப்பட்டார்கள். மறுஆண்டு அதற்கு அறிவியல் பெயர் சூட்டிய ஜார்ஜ் ஷாவுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பாலூட்டும் இந்தப் பிராணி முட்டையும் இடுகிறது என்பதை விஞ்ஞான உலகம் ஒப்புக்கொள்ள 1884 வரை ஆயிற்று. அந்த ஆண்டு வில்லியம் கால்டுவெல் இதே குவீன்ஸ்லாந்தின் பர்னெட் ஆற்றங்கரையில் முகாமிட்டு, பழங்குடி மக்கள் தேடிப் பிடித்துக் கொடுத்த விலங்குகளை வைத்து அதை உறுதிசெய்து தந்தியடித்தார். தந்தி அவர் பெயரில் போனது. தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

மேடையில் நிற்கிறவர்களுக்கு ஆமைகளும் தட்டுப்படும். இந்த ஆறு போய்ச் சேரும் பர்டெக்கின் ஆற்றமைப்பில் இர்வின் ஆமை என்ற ஒரு வகை உண்டு. டிவியில் முதலை பிடித்துப் பேர் வாங்கிய ஸ்டீவ் இர்வினும் அவர் அப்பா பாபும் 1990-இல் குடும்பத்தோடு முகாம் போட்டு மீன் பிடித்தபோது தூண்டிலில் மாட்டிய ஆமை அது. 1997-இல் புதிய இனமென்று அறிவிக்கப்பட்டு அவர்கள் பெயரே வைக்கப்பட்டது. விடுமுறைக்குப் போன குடும்பம் ஒன்று புது இனத்தோடு திரும்பி வந்திருக்கிறது!

இழப்பும் இதே மலையில் நடந்திருக்கிறது. 1984-இல் யங்கெல்லாவின் ஓடைகளில் ஒரு தவளையைக் கண்டுபிடித்தார்கள். தாய் தன் முட்டைகளை விழுங்கி, இரைப்பையிலேயே அடைகாத்து, குட்டித் தவளைகளாக வாய் வழியே வெளியே விடும். ஆராய்ச்சியாளர்கள் வியந்து முடிப்பதற்குள், 1985-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. ஒரு பூஞ்சை நோய்தான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள்.

பிளாட்டிபஸுக்கு எமன்களில் ஒருவர் நம்மைப் போன்ற உல்லாசப் பயணி. நன்னீர் இறால் பிடிக்க வைக்கும் வலைக்கூண்டு ஒன்று உண்டு. சிட்னி ஓபரா ஹவுஸ் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயரே வந்துவிட்டது. இரை வாசனைக்கு உள்ளே போகிற பிளாட்டிபஸுக்கு வெளியே வரத் தெரியாது. மூச்சுக்கு மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் செத்துப்போகும். சில டாலர் விலையுள்ள விளையாட்டுச் சாமான் அது. விக்டோரியா 2019-இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021-இலும் இதைத் தடை செய்தன. அறுந்த தூண்டில் நரம்பும், தலைமுடி கட்டும் ரப்பர் வளையமும் அதன் கழுத்தை அறுக்கும். இவற்றையெல்லாம் யார் கொண்டுவருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள்தான்.

பெரிய கைகளும் நீண்டன. 2022-இல் குவீன்ஸ்லாந்து அரசு, இந்த மலைத்தொடரில் நீரேற்று மின்நிலையம் கட்டப்போவதாக அறிவித்தது. 5 கிகாவாட், உலகிலேயே பெரியது என்றார்கள். மேலே கட்டும் அணைகளால் ஆறும் வீடுகளும் போகும் என்று பள்ளத்தாக்கில் எதிர்ப்பு கிளம்பியது. 2024-இல் ஆட்சி மாறியது, திட்டம் கைவிடப்பட்டது. நிலக்கரியை விட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்காக இந்த மலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த மரமேடையில் நின்றிருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

மலை தவிரக் கடற்கரையும் உண்டு. மக்காய்க்கு வடக்கே கேப் ஹில்ஸ்பரோ கடற்கரையில் விடியற்காலையில் கங்காருவும் வாலபியும் மணலில் இறங்கி, கரை ஒதுங்கிய அலையாத்தி விதைகளைத் தின்னும். போட்டோவுக்காகக் கூட்டம் அலைமோதுகிறது, அதனாலேயே எனக்கு அதில் பாதி ஆசைதான். ரொட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள். மென்மையான தீனி அவற்றின் ஈறில் சிக்கித் தாடையைப் புண்ணாக்கும் நோய்க்கு வழிவகுக்கும்.

பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகும் நம் ஊர்ப் பெற்றோர்களுக்குச் சிட்னியில் ஓபரா ஹவுஸையும் மிருகக்காட்சி சாலையையும் காட்டி விமானம் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டு வாங்கி யங்கெல்லாவுக்குப் போங்கள். பிரிஸ்பேனிலிருந்து மக்காய்க்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மே முதல் ஆகஸ்ட் வரை உள்ள குளிர்ந்த மாதங்கள் தோது. அதிகாலையும் சாயங்காலமும் பிளாட்டிபஸ் நன்றாகத் தெரியும் என்பதால் ஒரு ராத்திரி மலையிலேயே தங்கிவிடுங்கள். மழைக்காட்டில் அட்டை உண்டு, கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். மலைமேல் செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். அந்தி சாய்ந்த பிறகு வண்டி எடுக்காதீர்கள், கங்காரு சாலைக்கு வரும் நேரம் அது.