எலிக்கு வைத்த மருந்து

சென்னை குன்றத்தூரில் 2024 நவம்பரில் நடந்த துயரம் பலருக்கு நினைவிருக்கும். எலித் தொல்லை தாங்காமல் ஆள் அழைத்து வீட்டில் மருந்து வைத்தார்கள். இரவில் கதவை அடைத்து, ஏசி போட்டுத் தூங்கிய அந்தக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள்.

வீட்டுக்குள் வரவே கூடாத ஒன்று அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்குகளில் வண்டை ஒழிக்க வைக்கும் மாத்திரை இது. காற்றின் ஈரம் பட்டாலே இதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். நிறம் கிடையாது. பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வரலாம், வராமலும் போகலாம். உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்து, இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். முறிவு மருந்து இல்லை.

சுவர் வெடிப்பு, குழாய்த் துளை, கூரை இடுக்கு போதும், அடுத்த வீட்டுக்கும் போய்விடும். வளைகுடா நாடுகளில் பக்கத்து வீட்டில் வைத்த மாத்திரையால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஈப்போவின் பழைய கடைவீடுகளும், பேராக் தோட்டங்களில் எஞ்சியுள்ள லயங்களும் சுவரோடு சுவர் ஒட்டியவை என்பதை மறக்க வேண்டாம்.

பூச்சி மருந்து அடிக்க வருபவரிடம் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பெற்ற லைசென்ஸைக் கேளுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். மாத்திரையைக் கண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வாயு அதிகமாகும்.

தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வீட்டில் ஒருவருக்கு மேல் வந்தால், சாப்பாட்டைச் சந்தேகித்து நேரம் கடத்த வேண்டாம். எல்லாரும் வெளியேறி 999க்கு அழையுங்கள்.