ஆந்திர எல்லையில் செல்போனே பாட்மிண்டன் பயிற்சியாளர்!

புது தில்லி: ரியோ ஒலிம்பிக் மகளிர் ஒற்றையர் பாட்மிண்டன் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் கரோலினா மரினிடம் தோற்று பி.வி. சிந்து வெள்ளிப் பதக்கம் பெற்றது 2016 ஆகஸ்ட் 19-இல். ஜியோ செல்போன் சேவை நாடு முழுவதும் தொடங்கப்பட்டு, இணையம் ஏறக்குறைய இலவசமானது அதே ஆண்டு செப்டம்பர் 5-இல். இடைவெளி 17 நாள்கள்.

முதல் நிகழ்வு, ஆந்திரத்தின் சிறு நகரங்களில்கூட ராக்கெட் கேட்டுப் பிள்ளைகளை அடம்பிடிக்க வைத்தது. இரண்டாவது நிகழ்வு, அந்த ராக்கெட்டை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஓர் ஆசிரியரை வீட்டுக்குள் கொண்டுவந்தது. சம்பளம் கேட்காத, நேரம் பார்க்காத ஆசிரியர். ஆனால், மாணவனைத் திரும்பிப் பார்க்கத் தெரியாதவர்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் யூ-டியூப் பயிற்சி விடியோக்களைப் பார்த்தே "ஷட்டில்" ஆடக் கற்கும் பழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. இதைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆந்திர அரசின் புதிய விளையாட்டுக் கொள்கை, அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டை 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது. நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கு ராக்கெட் ஒரு வேலைக்கான விண்ணப்பமும்கூட.

ஹைதராபாதோடு போன விளையாட்டு

இந்திய பாட்மிண்டனின் தலைநகரம் ஹைதராபாத். பிரகாசம் மாவட்டத்தில் பிறந்த புல்லேலா கோபிசந்த், 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிறகு, அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திர அரசு அளித்த 5 ஏக்கர் நிலத்தில், தன் வீட்டையும் அடமானம் வைத்து கச்சிபௌலியில் அகாதெமி கட்டினார். 2008-இல் அது செயல்படத் தொடங்கியது. சாய்னா, சிந்து, ஸ்ரீகாந்த், சாத்விக்சாய்ராஜ் எனப் பலரும் அங்கு உருவானவர்களே.

2014 ஜூன் 2-இல் மாநிலம் பிரிந்தபோது இந்த அமைப்பு முழுவதும் தெலங்கானாவில் தங்கிவிட்டது. பிரிவினையால் ஏற்பட்ட இழப்புகளை ஈடுகட்ட, ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டத்தின் 13-ஆவது அட்டவணையில் புதிய ஆந்திரத்துக்கு ஐஐடி, ஐஐஎம், எய்ம்ஸ், மத்தியப் பல்கலைக்கழகம், துறைமுகம், உருக்காலை என்று நீண்டதொரு பட்டியல் இடம்பெற்றது. ஐஐடியும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் திருப்பதிக்கே வந்தன. ஆனால், அந்தப் பட்டியலில் விளையாட்டு நிறுவனம் ஒன்றுகூடக் கிடையாது. அப்போது யாரும் அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை.

விளைவு, திறமையுள்ள பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டும். குண்டூர்க்காரரான ஸ்ரீகாந்த் விசாகப்பட்டினம், கம்மம் வழியாகவே ஹைதராபாத் சேர்ந்தார். அமலாபுரத்துக்காரரான சாத்விக் 2014-இல் கோபிசந்த் அகாதெமிக்குக் குடிபெயர்ந்தார். திருப்பதியிலிருந்து ஹைதராபாத் 550 கி.மீ.க்கும் மேல். சித்தூருக்கு வேலூர் 35 கி.மீ., சென்னையும் பெங்களூரும் 200 கி.மீ.க்குள். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த மாவட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர்கள். ஆயினும், மாநில அணித் தேர்வும் ஒதுக்கீட்டுச் சான்றிதழும் சொந்த மாநிலத்தோடு கட்டுண்டவை என்பதால் பக்கத்து மாநில நகரங்கள் எளிதில் கைகொடுப்பதில்லை.

2021 ஆகஸ்டில் டோக்கியோ வெண்கலத்துடன் திருமலைக்கு வந்த சிந்து, தரிசனம் முடிந்து செய்தியாளர்களிடம் விரைவில் அகாதெமி தொடங்கவிருப்பதாக அறிவித்தார். இடம்: விசாகப்பட்டினம். 2024 நவம்பரில் அங்கு பூமி பூஜையும் நடந்தது. அறிவிப்பு வெளியான மலையடிவாரத்திலிருந்து அந்த ஊர் 700 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது.

விடியோ என்ன தருகிறது?

விடியோ பயிற்சியை ஏளனம் செய்வது எளிது, நியாயமன்று. பிறர் ஆடுவதைப் பார்த்துக் கற்பது இந்த விளையாட்டின் மரபிலேயே உண்டு. பெங்களூரில் கனரா யூனியன் திருமண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத நாள்களில் ஆடி வளர்ந்தவர் பிரகாஷ் படுகோன். 1971-இல் இந்தோனேஷிய சாம்பியன் ரூடி ஹார்டோனோவின் ஆட்டத்தை நேரில் கண்ட பிறகே தாக்குதல் பாணிக்கு மாறினார். 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார். அன்று அவருக்குக் கிடைத்தது ஓரிரு ஆட்டங்களின் காட்சி. இன்று எந்தச் சிறுவனும் அதே போன்றதோர் ஆட்டத்தை நூறு முறை, மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

சீனாவின் ஜாவோ ஜியான்ஹுவா 1991-இல் உலக சாம்பியன் ஆனவர். அவர் தோன்றிய பயிற்சிப் படங்கள் மொழி புரியாதவர்களாலும் உலகெங்கும் பார்க்கப்பட்டன. உலக பாட்மிண்டன் சம்மேளனம் பள்ளிகளுக்கென "ஷட்டில் டைம்" என்ற திட்டத்தை 22 பாடங்களுடனும் குறும்படங்களுடனும் இலவசமாகவே தருகிறது. மத்திய அரசும் பின்தங்கவில்லை. 2019 பிப்ரவரி 27-இல் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த "கேலோ இந்தியா" செயலி, 18 விளையாட்டுகளின் அடிப்படைகளைக் கற்றுத்தருவதாக அறிவிக்கப்பட்டது.

மேலும், பழைய பயிற்சியாளர்கள் சிலரின் தவறுகளையும் விடியோ திருத்தியிருக்கிறது. "மணிக்கட்டை மடக்கி அடி" என்பது நெடுங்கால உபதேசம். மெதுவாக ஓடும் படத்தைப் பார்த்தால் உண்மை வேறு. ஸ்மாஷின் வேகம் மணிக்கட்டு மடங்குவதால் வருவதன்று. முன்கை சுழல்வதால் வருவது. இதை எந்த அரங்கிலும் கால் வைக்காத சிறுவனும் அறிந்துகொள்ள முடிகிறது.

பார்க்காத ஆசிரியர்

சிக்கல் அதற்குப் பிறகுதான். ராக்கெட்டை வாணலிக் காம்பைப் போலப் பிடிப்பது எல்லாத் தொடக்கக்காரர்களும் செய்யும் பிழை. சரியான பிடியை விடியோ காட்டுகிறது. தன் பிடி அப்படி இல்லை என்பதைச் சிறுவனுக்கு யார் சொல்வது? தான் பார்த்ததைத்தான் செய்கிறோம் என்று அவன் நம்புகிறான். அதே பிழையுடன் ஓராண்டு ஆடினால் அதைக் கழற்ற மேலும் ஓராண்டு பிடிக்கும். பன்னிரண்டு வயதில் இழக்கும் ஈராண்டு, வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஈடுசெய்ய இயலாதது.

திரையில் எதிர்முகமாக நிற்பவரின் வலம் பார்ப்பவருக்கு இடம். ஜாவோ இடக்கை ஆட்டக்காரர் என்பதால், வலக்கைச் சிறுவர்களுக்கு அவர் கண்ணாடிப் பிம்பம் போல வசதியாக அமைந்தார் என்பது ஒரு சுவையான தற்செயல். எல்லா ஆசிரியர்களும் இடக்கைக்காரர்கள் அல்லர்.

ஆடுகளமும் வேறு. விடியோவில் இருப்பது காற்றுப் புகாத உள்ளரங்கம். 16 இறகுகளும் ஐந்து கிராம் அளவு எடையும் கொண்ட பந்து. தெருவிலோ பள்ளி மைதானத்திலோ ஆடும் சிறுவனிடம் இருப்பது நைலான் பந்தும் மாலைக் காற்றும். இறகுப்பந்து உச்சியில் வேகம் இழந்து செங்குத்தாக விழும். நைலான் பந்து அப்படி விழாது. நேரத்தைக் கணிப்பதே இந்த ஆட்டத்தின் பாதி. அதையே தவறான பந்தில் அவன் பழகுகிறான்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது மூட்டு. வலைக்கருகே பாய்ந்து பந்தை எடுக்கும்போது குதிகால் முதலில் பதிய வேண்டும். முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடிய வேண்டும். சிமென்ட் தரையில், தேய்ந்த காலணியுடன், உள்பக்கம் சாயும் முழங்காலுடன் நாளும் நூறு முறை பாய்வதைத் தடுக்க ஒரு மனிதர் அருகில் நிற்க வேண்டியிருக்கிறது. கோபிசந்தே 1994 தேசிய விளையாட்டுப் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு மீண்டவர். அவருக்கு மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இருந்தனர்.

விடியோ குருவின் பெருமை பேசுவோர் கென்யாவின் ஜூலியஸ் யேகோவை உதாரணம் காட்டுவர். யூ-டியூப் பார்த்து ஈட்டி எறியக் கற்றவர். 2015 பெய்ஜிங் உலகத் தடகளத்தில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம் வென்றவர். கதையின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் உதவித்தொகை பெற்று பின்லாந்துக்குச் சென்று, அங்கு ஒரு பயிற்சியாளரிடம் பயின்ற பிறகே யேகோ உலக சாம்பியன் ஆனார். அவரை அந்த வாசல் வரை கொண்டுசென்று விட்டது விடியோ. கதவைத் திறந்தது ஒரு மனிதர்.

தில்லி சொல்லும் பதில்

மாவட்டங்களில் பயிற்சியாளர் பற்றாக்குறை குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் எழுத்துமூலம் வரும் பதில், "விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது" என்று தொடங்குவது வழக்கம். ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 33-ஆவது இனம். விளையாட்டு அங்கு நாடகம், சினிமா, கேளிக்கை ஆகியவற்றுடன் சேர்த்து வைக்கப்பட்டுள்ளது.

மாநில விவகாரம் என்றாலும் மத்திய அரசு சட்டம் இயற்றத் தயங்கவில்லை. 2025 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகளின் எதிர்ப்புக்கிடையே, மக்களவையில் குறுகிய விவாதத்துடன் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், சம்மேளனத் தேர்தல்கள் என அதன் அக்கறை முழுவதும் மேல்மட்டத்தைப் பற்றியது. அதே ஆண்டு ஜூலையில் அமைச்சரவை ஏற்ற "கேலோ பாரத் நீதி", செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட புதிய தொழில்நுட்பங்களைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிறது. சித்தூரில் ஒரு பயிற்சியாளரை அமர்த்துவதைவிட ஒரு செயலியை வெளியிடுவது மலிவு, படத்துக்கும் அழகு.

கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டினாலும் இதே நிலைதான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் மட்டுமே உடற்கல்விக்குப் பயிற்றுநர், அவரும் பகுதிநேரம்.

வழி இல்லாமல் இல்லை. "கேலோ இந்தியா" மையங்கள் திட்டத்தின்படி, முன்னாள் சாதனை வீரர் ஒருவரைப் பயிற்சியாளராகக் கொண்டு மாவட்ட அளவில் நடத்தப்படும் மையத்துக்கு ஒரு விளையாட்டுக்குத் தொடக்க மானியம் ரூ. 5 லட்சம், பிறகு, பயிற்சியாளர் ஊதியம் உள்பட ஆண்டுக்கு ரூ. 5 லட்சம். நாட்டில் 800 மாவட்டங்கள் என்று கொண்டு, ஒவ்வொன்றிலும் பாட்மிண்டனுக்கு ஒரு மையம் அமைத்தாலும் ஆண்டுச் செலவு ரூ. 40 கோடி. 2025-26 பட்ஜெட்டில் கேலோ இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது ரூ. 1,000 கோடி.

விடியோவுக்கும் இதில் இடம் உண்டு. பார்க்க வேண்டியவர்தான் வேறு. 2020 ஏப்ரலில், பொதுமுடக்கத்தின்போது, இந்திய விளையாட்டு ஆணையமும் பாட்மிண்டன் சங்கமும் கோபிசந்தைக் கொண்டு 21 நாள் இணையவழிப் பயிற்சி நடத்தின. பங்கேற்றவர்கள் சிறுவர்கள் அல்லர். 800-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள். "ஷட்டில் டைம்" பாடங்களும் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தயாரிக்கப்பட்டவையே. அவற்றைத் தெலுங்கிலும் தமிழிலும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் சேர்ப்பதும், அவர்களைப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்கு அனுப்புவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

சித்தூரும் திருப்பதியும் தனித் தொகுதிகள். 2024 தேர்தலில் சித்தூரில் தெலுங்கு தேசத்தின் தக்குமல்ல பிரசாத ராவும், திருப்பதியில் ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் மட்டில குருமூர்த்தியும் வென்றனர். இருவரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஆண்டுக்குத் தலா ரூ. 5 கோடி. அதிலிருந்து உள்ளரங்கம் கட்டலாம். தொடர்செலவுக்கு அனுமதி இல்லாததால் பயிற்சியாளருக்குச் சம்பளம் தர முடியாது. அதை விளையாட்டு அமைச்சகத்திடம் கேள்வி நேரத்தில் கேட்டுத்தான் பெற வேண்டும். கட்சி வேறுபாடின்றி இருவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. குருமூர்த்திக்கு விளக்கம்கூடத் தேவைப்படாது. அரசியலுக்கு வருமுன் அவர் பார்த்த தொழில் பிசியோதெரபி.