டாம்கோ கடன்: முதல்ல வருமானச் சான்று வாங்குங்க!

கடையைப் பெரிசாக்கணும், ஆனா வட்டிக்கு வாங்கப் பயமா இருக்கா? நீங்கள் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி அல்லது ஜைனர் என்றால், 1999 முதல் செயல்படும் டாம்கோவில் தனிநபர் தொழில் கடன் கேட்கலாம்.

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் இருந்தால் திட்டம் 1: ரூ.20 லட்சம் வரை, 6% வட்டி. அதற்கு மேல் ரூ.8 லட்சம் வரை என்றால் திட்டம் 2: ரூ.30 லட்சம் வரை; ஆண்களுக்கு 8%, பெண்களுக்கு 6%. அதாவது, தொழில் நடத்துபவர் பெண் என்றால் லட்சத்துக்கு ஆண்டுக்கு ரூ.2,000 வரை மிச்சம்!

எந்தத் திட்டம் என்பதை முடிவு செய்வது வருமானச் சான்றுதான். அதை முதல்ல இ-சேவை மையத்தில் வாங்கிடுங்க. பிறகு ஆதார், மதத்துக்கான சான்று, தொழில் திட்ட அறிக்கையுடன் உங்கள் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தை அணுகுங்கள்.