செம்பனை எண்ணெயும் டீசலும்: விலையை எழுதும் வரி

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது தெனமாரம் தோட்டம். நம்மவர்கள் பலர் அந்த ஊரை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் அங்கே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அந்தக் காலத்தில் இந்த எண்ணெய் சோப்புக்கும் மார்ஜரினுக்கும் போனது. இன்று நாட்டில் பிழியும் எண்ணெயில் ஒரு பங்கு லோரியின் டீசல் தாங்கிக்குள் போகிறது. எவ்வளவு சமையலுக்கு, எவ்வளவு கப்பலுக்கு, எவ்வளவு எஞ்சினுக்கு என்பதை ஆலைக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. புத்ராஜெயாவில் எழுதப்படும் வரி விகிதங்கள் அதில் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன.

முதலில் ஏற்றுமதி வரி. அரசு மாதாமாதம் கச்சா செம்பனை எண்ணெய்க்கு ஒரு குறிப்பு விலை அறிவிக்கும். டன்னுக்கு 2,250 ரிங்கிட் வந்ததும் 3 விழுக்காட்டில் தொடங்கும் வரி, விலை ஏற ஏற அதுவும் ஏறும். முன்பு உச்சம் 8 விழுக்காடு. 2024 நவம்பர் முதல், விலை 4,050 ரிங்கிட்டைத் தாண்டினால் 10 விழுக்காடு. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தோ பயோடீசலாக மாற்றியோ அனுப்பினால் இந்த வரி கிடையாது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 4,100 என்றால், ஒரு டன் கச்சா எண்ணெயை அப்படியே கப்பலேற்றுபவர் 410 ரிங்கிட் கட்ட வேண்டும். ஆகவே உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலையும் பயோடீசல் ஆலையும் உலக விலையைவிடக் குறைத்துக் கேட்டாலும் விற்பவர் கொடுக்க இடமிருக்கிறது. மூலப்பொருள் உள்ளூரிலேயே தங்கட்டும், தொழிலும் வேலையும் இங்கே வளரட்டும் என்பது அரசின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் குறைந்த விலையின் ஒரு பகுதி செம்பனைக் குலை விற்பவர் மேல் விழுகிறது. ஒரு டன் குலையில் ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். வரி முழுவதும் குலை விலையில் இறங்கினால் டன்னுக்கு 82 ரிங்கிட் குறையும். ஆலைகளுக்குள் போட்டி இருப்பதால் முழுவதும் இறங்குவதில்லை. இறங்குவதைத் தாங்குவதோ பெரிய கம்பெனிக்கு எளிது, ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கடினம்.

விலை உச்சத்துக்குப் போகும்போது மிகை லாபத்துக்கென்று தனி லெவியும் உண்டு. தீபகற்பத்தில் 2025 முதல், விலை 3,150 ரிங்கிட்டைத் தாண்டிய பகுதியில் 3 விழுக்காடு. 40.47 ஹெக்டர், அதாவது நூறு ஏக்கர், அதற்கு மேலுள்ள தோட்டங்களுக்கு மட்டும் என்பதால் சிறுதோட்டக்காரர் தப்பிக்கிறார்.

எஞ்சினுக்குள் போகும் பங்கைக் கட்டாயக் கலப்பு தீர்மானிக்கிறது. 2011-இல் மத்திய வட்டாரத்தில் டீசலில் 5 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கத் தொடங்கினார்கள். 2019-இல் வாகன டீசலுக்கு அது 10 விழுக்காடானது. பக்கத்து நாடான இந்தோனேசியா இன்னும் வேகமாகப் போனது. 2015 முதல் செம்பனை ஏற்றுமதியில் லெவி வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டே பயோடீசலுக்கும் சாதா டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அடைக்கிறது. 2025-இல் அங்கே கலப்பு 40 விழுக்காட்டை எட்டியது. ஒரு நாட்டின் எரிபொருளில் எத்தனை பங்கு தோட்டத்திலிருந்து வரும் என்பதை ஒரு லெவி நிர்ணயிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி உதவித்தொகை. அரசு எரிபொருளுக்கு வரி வாங்காமல் கையிலிருந்து பணம் போட்டால், அது தலைகீழாக நிற்கும் வரி. டீசலுக்கான உதவித்தொகை 2019-இல் 140 கோடி ரிங்கிட்டாக இருந்தது. 2023-இல் அது 1,430 கோடி. வாகனங்கள் பத்து மடங்கு பெருகவில்லை. மலிவான டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. விலை அதிகமான வர்த்தக டீசல் வாங்க வேண்டிய தொழிற்சாலைகள் பொதுமக்களின் எண்ணெய் நிலையத்தில் நிரப்பிக்கொண்டன.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் ஏறவில்லை. அடுத்த சில நாளிலேயே நிலையங்களில் விற்பனை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததாகவும், வர்த்தக டீசல் விற்பனை கூடியதாகவும் அரசு அறிவித்தது. விலை ஒன்றை மாற்றியதும் பயன்பாடே மாறியது. உதவித்தொகையைக் குறைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் யாருக்கு எப்படி ஈடு கிடைத்தது என்று பாருங்கள். பாசிர் பெனாம்பாங், ஜெராம் மீனவர்களுக்கு லிட்டர் 1.65 ரிங்கிட் அப்படியே நீடித்தது. பள்ளிப் பேருந்துக்கு 1.88. தகுதியான சரக்கு லோரிக்கு 2.15. டீசல் வண்டி வைத்திருக்கும் தனியாளுக்கு, பதிந்து தகுதி பெற்றால், மாதம் 200 ரிங்கிட் ரொக்கம். லிட்டருக்கு 1.20 ஏற்றம் என்று வைத்தால் அந்த 200 ரிங்கிட் 166 லிட்டருக்குத்தான் ஈடு. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, பழைய டீசல் பிக்கப்பில் புல்வெட்டும் மெஷினும் ஆட்களும் ஏற்றிக் குத்தகை வேலை பார்க்கிறவர் அதைவிட நிறைய ஓடுகிறார். மீனவருக்குப் படகு தொழில் என்று அரசுக்குத் தெரிகிறது. இவருக்கு வண்டிதான் தொழில் என்பதும் தெரிய வேண்டும்.

வீட்டு மின்கட்டணத்திலும் இதே கதை உண்டு. தெனாகா நேஷனல் பில்லில் ‘கேடபிள்யூடிபிபி’ என்று ஒரு வரி இருக்கும். அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. 2011 டிசம்பரில் 1 விழுக்காடாகத் தொடங்கி 2014 முதல் 1.6 விழுக்காடு. 200 ரிங்கிட் பில்லுக்கு 3.20. மாதம் 300 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இது இல்லை. 600 யூனிட்டைத் தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும்.

அந்த 3.20 எங்கே போகிறது? சேடா எனும் அரசு ஆணையத்தின் கைக்குப் போய், சூரிய ஒளி, உயிரி வாயு, குப்பை ஆகியவற்றிலிருந்து மின்சாரம் செய்பவருக்குக் கூடுதல் விலை கொடுக்கப் பயன்படுகிறது. உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார் குப்பை நிலத்தில், நகரக் குப்பை மக்கி எழும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். இப்படிக் கூடுதல் விலை கிடைத்தால் அந்த வாயுவைப் பிடிக்க முதல் போடுவது எளிதாகிறது. ஆகவே இந்த வரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை இருப்பது 300, 600 என்ற எல்லைகளில். அவை மீட்டரை எண்ணுகின்றன, வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணுவதில்லை. தோட்ட வீடு போனபின் அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், பெற்றோர் என்று ஒரே மலிவு வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் மீட்டர் எளிதாக 300-ஐத் தாண்டும். தனியாளாகக் குளிர்சாதனத்தோடு வாழ்பவர் தாண்டாமலே இருக்கலாம். ஏழையைக் காக்க வரைந்த கோடு கூட்டுக் குடும்பத்தைத் தண்டிக்கிறது.

இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி 2026-க்குள் வரும் என்று 2024 அக்டோபரில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஜெராமுக்குத் தெற்கே காப்பார் கரையில் நிலக்கரி எரிக்கும் பெரிய மின்நிலையம் இருப்பதால் இது நமக்கு அக்கம்பக்கத்துச் செய்தி. நிலக்கரி மின்சாரத்தின் அடக்கவிலை ஏறினால் பில்லும் ஏறலாம். அந்த வரிப்பணத்தில் ஒரு பங்கு, மீட்டருக்கு இவ்வளவு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று வீடுகளுக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு பங்கு செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களுக்கு வர வேண்டும். 2014 முதல் புதிய ஆலைகள் அங்கே எழும் மீத்தேனைப் பிடித்தாக வேண்டும். திறனை விரிவாக்காத பழைய ஆலைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், மூடாத குளங்களிலிருந்து அந்த வாயு இன்னமும் காற்றில்தான் கலக்கிறது.