விடுமுறைக் கூலியும் விஞ்ஞானக் கல்வியும்

பள்ளிக்கூட விடுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேமாதிரி வருவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஓய்வுக்காலம், அல்லது மேலதிக வகுப்புக்குப் போகும் காலம். நாட்கூலியில் அடுப்பெரியும் வீட்டுப் பிள்ளைக்கோ அது வெங்காயம் கிண்டவும் மிளகாய்ப்பழம் ஆயவும் போகும் காலம். சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் குடும்பங்களுக்கு நாம் இதை விளக்கத் தேவையில்லை. ஓகஸ்ட் மாதச் சம்பாத்தியத்தில்தான் அடுத்த தவணைக்குரிய கொப்பியும் சப்பாத்தும் வருகின்றன.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. செல்வந்த நாடு என நாம் எண்ணும் அமெரிக்காவிலும் ஏழைப் பிள்ளையின் விடுமுறை கூலியாகவே கழிகிறது. அங்கே சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விடுமுறையில் ஆய்வுகூடத்துக்கு வந்து விஞ்ஞானம் பழகும் பள்ளி மாணவருக்குக் கற்பிப்பதோடு சம்பளமும் கொடுப்பதே அவ்வழி. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பதையும் இங்கு தருகிறோம்.

வயலில் கழியும் கோடை

அமெரிக்கப் பள்ளிகளின் பெரிய விடுமுறை யூன் மாதமளவில் தொடங்கிப் பத்துக் கிழமைக்கு மேல் நீடிக்கும். பண்ணைகளில் வேலை மிகுந்திருப்பதும் அக்காலத்திலேயே. அந்நாட்டு மத்திய அரசின் தொழிற் சட்டம் தொழிற்சாலையிற் காட்டும் கண்டிப்பை வயலிற் காட்டுவதில்லை. பெற்றோரின் சம்மதத்துடன், பள்ளி நேரத்துக்கு வெளியே, 12 வயதுப் பிள்ளையும் பண்ணையில் வேலை செய்ய அது இடமளிக்கிறது.

அப்படி வளர்ந்தவர்களுள் ஒருவர் ஹோசே ஹெர்னாண்டஸ். இவருடைய பெற்றோர் மெக்சிக்கோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பயிர்க்காலந்தோறும் இடம்பெயர்ந்து உழைத்த கூலி விவசாயிகள். ஊருக்கு ஊர் மாறியதால் பிள்ளைகளின் படிப்பு இடையிடையே அறுந்தது. ஆங்கிலம் சரியாகக் கைவந்தபோது அவருக்கு வயது 12. ஓர் ஆசிரியை வீடு தேடி வந்து, பிள்ளைகளின் படிப்புக்காக ஓரிடத்தில் நிலைத்திருக்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொண்டார். அவர்களும் அவ்வாறே செய்தனர். பள்ளியின் இறுதி ஆண்டில், பீற் வயலில் களை கொத்திக்கொண்டிருந்தபோது, இலத்தீன் அமெரிக்கர் ஒருவர் விண்வெளி வீரராகத் தெரிவானதை ஹெர்னாண்டஸ் வானொலியிற் கேட்டார். பின்னர் பொறியியல் கற்றார். மார்புப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் படக்கருவியொன்றை உருவாக்குவதிலும் பங்காற்றினார். பதினொரு முறை விண்ணப்பித்துத் தள்ளப்பட்டுப் பன்னிரண்டாம் முறை, 2004இல், விண்வெளிப் பயிற்சிக்குத் தெரிவானார். 2009இல் விண்வெளிக்குச் சென்று வந்தார்.

இக்கதையைக் கேட்டுவிட்டு, முயன்றால் எவரும் ஏறலாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே வயலில் அவரோடு களை கொத்திய மற்றப் பிள்ளைகளுக்கும் மூளை இருந்தது. கோடையில் ஆய்வுகூடத்துக்குப் போக அவர்களுக்கு வழியிருக்கவில்லை. போயிருந்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பது?

‘விதை’ என்றொரு திட்டம்

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் அமெரிக்க இரசாயனச் சங்கத்தினர் முக்கியமானவர்கள். 1876இல் தொடங்கிய இச்சங்கம் 1968இல் ‘சீட்’ என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில்தான் மாட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். வறுமையும் நிறவேற்றுமையும் அந்நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிய காலம் அது. வறிய மாணவருக்கான கோடைகாலக் கல்வி அனுபவம் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தே இப்பெயரை அமைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு விதை என்றும் பொருள்.

திட்டத்தின் ஒழுங்கு எளிமையானது. குடும்ப வருமானம் ஒரு குறித்த எல்லைக்குக் கீழே உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவரைத் தெரிவு செய்கிறார்கள். பல்கலைக்கழகத்திலோ அரச அல்லது தனியார் ஆய்வுகூடத்திலோ பணியாற்றும் விஞ்ஞானி ஒருவர் மாணவருக்கு வழிகாட்டியாகிறார். வழிகாட்டி இதற்கெனச் சம்பளம் பெறுவதில்லை, மாணவரே பெறுகிறார். எட்டுமுதல் பத்துக் கிழமை வரை வேலை. 2010களில் முதலாம் கோடைக்கு 2,500 டொலரும், மீண்டும் வருபவருக்கு இரண்டாம் கோடைக்கு 3,000 டொலரும் வழங்கப்பட்டன. பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது. திட்டத்தில் பயின்று, பின் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் சார்ந்த துறையிற் சேருவோருக்குப் புலமைப்பரிசிலும் உண்டு. தொடங்கிய நாள்முதல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இதன் வழியே வந்திருக்கிறார்கள்.

மாணவர் அங்கே பார்வையாளராக நிற்பதில்லை. முதலிற் பாதுகாப்புப் பாடம்: காப்புக் கண்ணாடி அணிவது, கையுறை மாட்டுவது, அமிலத்தை நீருக்குள் மெல்ல விடவேண்டுமேயன்றி நீரை அமிலத்துக்குள் விடக்கூடாது என்பது. அடுத்துக் குறிப்புக் கொப்பி. மையால் எழுதவேண்டும், தாளைக் கிழிக்கக்கூடாது, பிழை வந்தால் ஒரு கோடு கீறி, கீழே உள்ளது தெரியும்படி விடவேண்டும். பிறகுதான் தராசும் அளவியும் குழாயியும். ஓர் அளவீட்டை ஒருமுறை எடுத்தாற் போதாது. மூன்று முறை எடுத்து ஒப்பிடவேண்டும். எதிர்பார்த்த விடை வராவிட்டால் அதையும் எழுதிவைக்க வேண்டும். கோடை முடிவில், தான் செய்ததை அறிக்கையாக எழுதிப் பிறர்முன் விளக்கவும் வேண்டும். நாற்றுமேடையில் ஒரு பாத்திக்கு உரமிட்டு, மற்றொன்றுக்கு இடாமல் விட்டு வேறுபாட்டைப் பார்க்கும் விவசாயிக்கு இம்முறை அந்நியமன்று.

சம்பளம் ஏன் வேண்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கோடையில் மாணவருக்கென விஞ்ஞான வகுப்புகள் நடத்துகின்றன. அவற்றிற் பலவற்றுக்குப் பெற்றோர் ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணமில்லாத, ஆனால் சம்பளமும் இல்லாத பயிற்சிகளும் உண்டு. கட்டணமில்லை என்றவுடன் ஏழைக்கும் வாசல் திறந்துவிட்டது என நாம் நினைத்துவிடக்கூடாது. பத்துக் கிழமைக் கூலியை இழப்பதும் கட்டணமே. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

சம்பளத்தைத் தருமமாகக் கருதுவதும் தவறு. மாணவர் கழுவிய குடுவையும் எடுத்த அளவீடும் அந்த ஆய்வுக்குப் பயன்படுகின்றன. உழைத்ததற்குப் பெறும் பணம் பிள்ளையை நிமிர்ந்து நடக்கச் செய்யும். வீட்டிலும் “படிப்பா, கூலியா?” என்ற வாக்குவாதம் எழாது.

விதைப்பவரின் உவமையில் விதை எங்கும் ஒன்றே. விழுந்த நிலமே வேறு. கற்பாறையில் விழுந்ததற்கு நாம் விதையைக் குறைகூறுவதில்லை.

குறைகளும் உண்டு

இத்திட்டங்களிற் குறையில்லை எனச் சொல்லமாட்டோம். இடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். பிள்ளையின் வீட்டுக்கு எட்டிய தூரத்தில் ஆய்வுகூடமும் மனமுள்ள விஞ்ஞானியும் இருந்தாலன்றி விதைத் திட்டம் அங்கே போய்ச் சேராது. ஆகவே நகரத்து ஏழைக்குக் கிடைப்பது நாட்டுப்புறத்து ஏழைக்குக் கிடைப்பது அரிது. வருமானச் சான்று, ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் எனப் பல பத்திரங்கள் கோடைக்குச் சில மாதங்கள் முன்பே தேவைப்படும். அடிக்கடி இடம்மாறும் குடும்பத்திடம் அவை கையில் இருப்பது கடினம்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்கக் கடற்படையும் தன் ஆய்வுகூடங்களில் பள்ளி மாணவருக்கு எட்டுக் கிழமைச் சம்பளப் பயிற்சி அளிக்கிறது. தரைப்படையின் ஆதரவிலும் இத்தகைய பயிற்சிகள் நடைபெற்றுள்ளன. அறிவு நல்லதுதான். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது, ஆய்வின் முடிவு எதற்குப் பயன்படும் என்று கேட்க ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும் விஞ்ஞானக் கல்வியின் ஒரு பகுதியே. படைகள் நிலத்தை எடுத்துக்கொண்டதால் வீடிழந்தவர்களுக்கு இக்கேள்வியின் பாரம் தெரியும்.

எம்மவர் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுமென்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறை நீரில், தோட்ட உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று சேர்வதை ஆய்வாளர் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகின்றனர். குடிநீரில் இது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மேற்பட்ட நீரிற் கரைத்த பால்மா சிசுக்களுக்கு ஆபத்தானது. ஓர் ஊரின் கிணறுகளை ஒரு விடுமுறை முழுவதும் கிழமைதோறும் அளந்து எழுத, விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் போதும். அவ்விருவருக்கும் தோட்டக் கூலிக்குச் சமமான கொடுப்பனவை ஒரு பங்கோ, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் சங்கமோ ஏற்றுக்கொள்ளலாம். பரிசளிப்பு விழாவுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதுமானது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுமுறையில் இலவசப் பயிற்சி என்று எவரேனும் உங்கள் பிள்ளையை அழைத்தால், அது திருச்சபை நிறுவனமாயினும் சரி, தயங்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். பஸ் காசு யார் தருவது? மதியச் சாப்பாடு உண்டா? பிள்ளை இழக்கும் கூலிக்கு என்ன ஒழுங்கு? இவற்றைக் கேட்பது பேராசையன்று. பயிற்சி நடத்துவோர் தங்கள் வரவுசெலவுக் கணக்கை எழுதும்போதே இம்மூன்றையும் அதிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.