26 கேள்விகள் எதற்காக?

மனச்சோர்வுக்கு எங்களிடம் சிகிச்சை பெறுவோருக்கு, மருந்து தொடங்கும்போதும் பின்னர் சில மாத இடைவெளிகளிலும், 26 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருகிறோம். உறக்கம் நிறைவாக இருக்கிறதா, தேவைக்குப் பணம் போதுகிறதா, வாழ்க்கைக்குப் பொருள் இருப்பதாக உணர்கிறீர்களா என்றெல்லாம் அது வினவுகிறது. “மாத்திரை தருவதற்கு இவையெல்லாம் எதற்கு?” என்று வடுகபட்டியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

நோயின் அறிகுறிகள் தணிவது வேறு. வாழ்க்கை மீள்வது வேறு. உறக்கமும் பசியும் திரும்பிவிட்ட ஒருவர், பூண்டு மண்டி வேலைக்குப் போகத் துணிவின்றியும் உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்த்தும் நாள்களைக் கழிக்கக்கூடும். அறிகுறிகளை மட்டும் எண்ணினால் அவர் குணமடைந்தவர். அவரையே கேட்டால் விடை வேறு. அந்த விடையைப் பெறுவதற்கே இத்தாள்.

இதனை உருவாக்கியது உலகச் சுகாதார நிறுவனம். 1990களில் மெல்போர்ன், பாங்காக், ஹராரே உள்ளிட்ட 15 மையங்களில் பணி நடந்தது. அவற்றுள் புதுடெல்லியும், சென்னை மருத்துவக் கல்லூரியின் வழியே சென்னையும் இடம்பெற்றன. நோயாளிகள், நலமாக உள்ளோர், மருத்துவப் பணியாளர் ஆகியோர் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்து, நல்வாழ்வுக்கு எவை வேண்டும் என்று தத்தம் மொழியிலேயே பேசினர். முதலில் 100 கேள்விகள் கொண்ட வடிவம் வந்தது. அதன் சுருக்கமே உடல், உள்ளம், உறவுகள், சூழல் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட இன்றைய தாள்.

விடைச் சொற்களைத் தேர்ந்த முறை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. அதன் ஒரு முனை ‘ஒருபோதும் இல்லை’, மறுமுனை ‘எப்போதும்’. இடைப்பட்ட சொற்கள் ஒவ்வொன்றும் அக்கோட்டில் எங்கே அமையும் என்று அந்தந்த மொழி பேசுவோரையே குறிக்கச் செய்தனர். காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு ஆகிய இடங்களுக்கு அருகே விழுந்த சொற்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. ‘அடிக்கடி’ என்பது எவ்வளவு அடிக்கடி என்பதை அகராதி சொல்லாது. பேசுவோர்தாம் சொல்ல வேண்டும்.

இவ்வாறு அமைந்த தாளையும் சோதித்த பின்னரே நம்பலாம். சந்தையில் ஒரே மூட்டையை இருமுறை நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்ட வேண்டும். அதுபோல, நிலைமை மாறாத ஒருவர் சில வாரங்கள் கழித்து விடையளித்தாலும் மதிப்பெண் ஏறத்தாழ அதுவாகவே இருக்க வேண்டும். இது நம்பகத்தன்மை. தராசு சரியா என்று பார்க்க எடைக்கல் இருக்கிறது. நல்வாழ்வுக்கு அப்படியொரு கல் இல்லை. ஆகவே சுற்றுவழியில் சோதிக்கின்றனர்: நோயுற்றோரையும் நலமானோரையும் தாள் வேறுபடுத்துகிறதா? சிகிச்சையால் தேறியவரின் மதிப்பெண் உயர்கிறதா?

மனச்சோர்வில் இச்சோதனை மேலும் கடினம். உறக்கம், உடல் வலிமை, கவலை ஆகியன நோயின் அறிகுறிப் பட்டியலிலும் உள்ளன, இத்தாளிலும் உள்ளன. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால், வாழ்க்கை உயர்ந்ததா, அல்லது ஒரே செய்தியை இருமுறை கேட்டோமா? இதனால்தான் மொத்த மதிப்பெண்ணைக் காட்டிலும் நான்கு பகுதிகளையும் தனித்தனியே பார்க்கிறோம். உள்ளம் பகுதி உயர்ந்தும் உறவுகள் பகுதி தாழ்ந்தே இருந்தால், மருந்தின் அளவைக் கூட்டுவதைவிடக் குடும்பத்தாருடன் அமர்ந்து பேசுவதே முதற்பணி என்று கருதுகிறோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளிக்காக நீங்கள் விடை எழுத வேண்டாம். அவர் மகிழ்ச்சியாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். தாள் கேட்பது அவருக்குத் தோன்றுவதை. எழுத்தறியாதவருக்கு எங்கள் செவிலியர் தனியறையில் படித்துக் காட்டுவார். தனியறை என்பதற்குக் காரணம் உண்டு: தாம்பத்திய வாழ்வு பற்றிய கேள்வியும் இத்தாளில் இருக்கிறது. அருகில் மாமியாரோ மகனோ நின்றால் அதற்கு யார்தான் விடை சொல்வார்? ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விடைகள் விடுபட்டால் தாள் முழுவதையும் கணக்கில் கொள்ள இயலாது.

கடந்த இரண்டு வாரங்களை மட்டும் நினைத்து விடையளியுங்கள். மருத்துவர் மனம் குளிரட்டும் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். கேள்வி புரியவில்லை எனில் அதையும் சொல்லுங்கள். நம் வட்டாரப் பேச்சில் எந்தச் சொல் இடறுகிறது என்பதை நாங்கள் அறிய வேறு வழியில்லை.

இத்தாள் கேட்காதது ஒன்றுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்ற கேள்வி இந்த 26இல் இல்லை. அத்தகைய எண்ணம் எழுந்தால் அடுத்த வருகைவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவானால் 14416 என்ற மத்திய அரசின் ‘டெலிமானஸ்’ எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.