பின்மண்டை என்னும் கைமுதல்

"அண்ணாச்சி, தை மாசம் கல்யாணம். மதுரைக்குப் போய் முடி நட்டுட்டு வந்துட்டா போட்டோவுக்கு நல்லாயிருக்கும்ல?"

சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பி, தீபாவளி முடிந்த கையோடு கேட்ட கேள்வி இது. டீயும் சாத்தூர் சேவும் வந்துவிட்டதால் நிதானமாகவே பதில் சொன்னேன்.

முடி நடுவதில் புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை தம்பி. பின்மண்டையில் இருப்பதைப் பெயர்த்து முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். பரம்பரையாக வரும் ஆண் வழுக்கை ஒரு ஹார்மோனின் வேலை. முன்மண்டை முடி அதற்கு மசியும். பின்மண்டை முடி பெரும்பாலும் மசியாது. இடம் மாற்றி வைத்தாலும் முடி பிறந்த இடத்துக் குணத்தை விடாது என்று நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதினார். இன்றைக்கு நடக்கிற இந்த வியாபாரம் முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஒன்று முதல் நான்கு முடி வரை ஒரே கொத்தாக வேரோடு வரும். அதுதான் கிராஃப்ட். ஆயுசு முழுக்கக் கூட்டிப் பார்த்தாலும் பலருக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிராஃப்டுக்கு மேல் எடுக்க முடியாது. எடுத்தால் பின்பக்கம் திட்டுத்திட்டாகத் தெரியும். கடைக்குக் கைமுதல் எப்படியோ, தலைக்குப் பின்மண்டை அப்படி. 22 வயதில் முன்நெற்றிக்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டால், 35 வயதில் உச்சி காலியாகும்போது போடுவதற்கு ஒன்றும் இருக்காது. "கொஞ்ச நாள் மாத்திரையும் மினாக்சிடில் லோஷனும் போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லும் டாக்டரை நம்பலாம். நீ வாய் திறப்பதற்குள் மூவாயிரம் கிராஃப்ட் என்று பில் எழுதுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதைச் செய்துகொண்டவர்களைக் கேட்டால் வலியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். மரத்துப்போகப் போடும் ஊசிகள்தான் சுருக்கென்று இருக்கும். அதன்பின் குப்புறப் படுத்து, மல்லாந்து படுத்து, ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ போகும். மூன்றாம் நாள் வாக்கில் வீக்கம் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கலாம். பொருக்கு உதிரப் பத்து நாள். இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். மனுஷனை உடைப்பது அதற்குப் பிறகு வருவது: ஒரு மாதத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வராது. மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் மெலிசாக எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். இப்போது போய் நட்டால் தை மாதப் போட்டோவில் இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத்தான் விழுவாய்.

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றான்.

2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்த 22 வயது மாணவர், நுங்கம்பாக்கத்தில் முடி நடப் போய் உடல்நிலை மோசமாகி, வேலூர் சி.எம்.சி.யில் இறந்துபோனார். விசாரித்தபோது அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலைய உரிமம் என்று தெரிந்தது. இத்தனைக்கும் உள்ளே இருந்தவர்கள் டாக்டர்கள். டாக்டரே போட்டாலும், மரப்பு மருந்தான லிக்னோகெயினுக்கு எடைக் கணக்கு உண்டு. அட்ரினலின் கலந்தது என்றால் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம்; 2 சதவீத மருந்தில் அது 21 மில்லிதான். மீறினால் வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம். அதனால் கேட்க வேண்டியது கிராஃப்ட் என்ன விலை என்பதல்ல. ஊசி போடுவது யார், கடைசிவரை கூட இருப்பது யார், ஏதாவது ஆனால் ஆக்சிஜன் எங்கே, பக்கத்து ஐ.சி.யூ. எங்கே என்று கேள். யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் எழுத வேண்டியிருந்தது.

பக்கத்து பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க மருமகளுக்கு பட்டாசு ஆலையில பத்திக்கிட்டப்ப காதுக்கு மேல உள்ளங்கை அகலம் வெந்து போச்சு. முடியே இல்ல. அதுக்கும் இது ஆகுமா தம்பி?"

ஆகும் ஐயா. சொல்லப்போனால் இந்த வித்தையே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஆரம்பித்தது. ஷோஜி ஒகுடா என்ற ஜப்பானிய மருத்துவர், தலையிலும் புருவத்திலும் முடி போனவர்கள் சுமார் 200 பேருக்கு முடியுள்ள தோலைச் சின்னச் சின்ன வட்டமாக எடுத்து நட்டு, 1939இல் எழுதி வைத்தார். தீத்தழும்புக்காரர்கள் அதில் முக்கியமானவர்கள். ஜப்பானிய மொழியில் இருந்ததாலும் உலகப்போர் வந்துவிட்டதாலும் மேற்கில் யாரும் கவனிக்கவில்லை. பின்னால் அது வழுக்கைக்காரர் சொத்தாகிவிட்டது. விளம்பரத் தட்டிகளில் சிரிப்பவர் யாருக்கும் தழும்பு கிடையாது. 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம் என்று பட்டாசு ஆலைகள் எரிந்துகொண்டே இருக்கிற நம் மாவட்டத்தில் அந்தத் தட்டியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மேலோட்டமான தீக்காயம் என்றால் வேர் பிழைத்து முடி தானே வரும். ஆழமாக வெந்தால் வராது. எந்த எண்ணெயும் வரவழைக்காது. தழும்பு கொதிப்பு அடங்கி, வெளிறி, இளகுவதற்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நெருக்கி நட்டால் பிடிக்காது. இடைவெளி விட்டு, இரண்டு மூன்று தடவையாக நடுவார்கள். உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. முடியுள்ள தோலுக்கு அடியில் சிலிகோன் பை ஒன்றை வைத்து, வாராவாரம் உப்புத் தண்ணீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விரியவைப்பார்கள். பிறகு தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, விரிந்த தோலை இழுத்துத் தைப்பார்கள். தலை ஒரு பக்கம் புடைத்திருக்கும் அந்த மாதங்கள் பெண்களுக்குக் கஷ்டம். முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

புருவம் கருகியிருந்தாலும் தலைமுடியையே எடுத்து நடலாம். ஆனால் அது தலைமுடியாகவே நீளும். அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் எங்க போறது?"

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அழகு நிலையத்துக்குப் போகாமல் முதலில் அங்கே காட்டுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நடுவது என்று முடிவானால், முதலில் ஓர் ஓரத்தில் கொஞ்சம் மட்டும் நட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அது முளைக்கிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டு மிச்சத்தைச் செய்யலாம்.